முன்சீட்டு கொண்டான் காஞ்சி சென்ற காதை

வாழ்க ஞானசேகரன்! கொரட்டூர் ஏரிக்காற்றை எதிர்வீட்டு மாடி மறித்துக்கொண்ட பின்னும் மனந்தளராது பால்கனியில் நாற்காலியிட்டு அமரும் நெஞ்சுரத்தோன் வாழ்க! மண்ணூர்பேட்டை பம்பு ஆலையின் பண்டகசாலையிலிருந்து தன் கையெழுத்தின்றி ஒரு வாஷரும் வெளியேற விடாத நெடுங்காவலன் வாழ்க! ராணி என்னும் பெயருடையாளை மணந்ததாலேயே அரசன் எனப்படும் தகுதி பெற்றும், அத்தகுதியை வீட்டு வாசற்படிக்கு உள்ளே ஒருநாளும் எடுத்துச் செல்லாத அடக்கமுடையோன் வாழ்க! அவன் காஞ்சி மாநகர் சென்று செய்த பெரும்போரைச் சொல்லப் புகுந்த நானோ, கொரட்டூர் ஏரியை டம்ளரால் இறைக்கத் தொடங்கியவனை ஒத்தவன். சிந்தினால் பொறுத்துக்கொள்க.

போர் என்றால் அதற்குக் காரணமாக ஒரு பழி வேண்டும். இந்தப் போரின் பழி ஏலகிரி மலையில் பிறந்தது. சென்ற ஆண்டு அடுக்ககத்தார் அனைவரும் வேன் வைத்துக்கொண்டு ஏலகிரி சென்றபோது, நம் வீரனுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் குடலை வலமும் இடமுமாகப் புரட்ட, ராணி பையைத் துழாவி மஞ்சள் கவரை எடுத்து நீட்டுவதற்குள், காலையுண்ட பொங்கலும் வடையும் கரைபுரண்டெழுந்து, பக்கத்திலிருந்த ரகுநாதனின் புத்தம்புது வெள்ளை வேட்டியின்மேல் பாய்ந்தன. அன்று தொட்டு அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் 'டூர்' என்ற சொல் தலைகாட்டும் போதெல்லாம் யாரேனும் ஒருவர் மஞ்சள் கவர் படம் போடுவார். லிஃப்டில் ஞானசேகரன் ஏறினால் ரகுநாதன் வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லை. வேட்டியை மட்டும் சற்றே ஒதுக்கிக்கொள்வார். சொல்லம்பைத் தாங்கிவிடலாம், அந்த ஒதுக்கலைத் தாங்க முடியாது.

ஆகவே இம்முறை காஞ்சிப் பயணம் அறிவிக்கப்பட்ட அன்றே நம் வீரன் வஞ்சினம் உரைத்தான். "செத்தாலும் சரி, முன் சீட்டுதான்" என்றான். குளியலறைக் கண்ணாடி மட்டும் அதைக் கேட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்தில், தனியாக, அகன்ற கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி அமரும் அந்த ஒற்றை இருக்கை கிடைத்தால் வயிறு அடங்கும், மானம் மீளும். கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோக வேண்டியதுதான்.

அவன் உள்ளத்தில் இன்னோர் ஆசையும் கிடந்தது. பல்லவர் கோலோச்சிய அப்பழந்தலைநகருக்கு அவன் புதியவனல்லன். தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், மைத்துனி கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், பங்காளி வீட்டு வளைகாப்புக்கும் போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பட்டுக்கடைக்குள் படையெடுத்த மகளிர் மீண்டு வருவதற்குள் கோயில்களின் நடை சாத்தப்பட்டுவிடும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் கருப்பு வெள்ளையில் மங்கலாகப் பார்த்த கைலாசநாதர் கோயிலை, மீசை நரைக்கும் வயது வந்தும் அவன் நேரில் கண்டதில்லை. இந்த முறை காலையிலேயே கோயில், மதியத்துக்கு மேல்தான் கடை என்று அடுக்ககச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்தை நம்பியவன் நம் வீரன்.

இனி மாற்றாரின் பெருமை சொல்வோம். ஆவடியில் பீரங்கி வண்டிகள் பிறக்கும் ஆலையில் ஆயுள் முழுதும் உழைத்து, குவார்ட்டர்ஸ் வாழ்வை முடித்துக்கொண்டு கொரட்டூர் அடுக்ககத்தின் முதல் மாடிக்கு எழுந்தருளியவர் ரகுநாதன். சங்கச் செயலாளர். இந்தப் பயணத்தின் திட்டமும் அவருடையதே. காஞ்சியில் காண வேண்டிய இடங்களைப் பற்றி அவர் ஓர் உரை தயாரித்து, வாரம் முழுவதும் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார். காற்றுப்போக்கிக் குழாய் வழியே அது ஐந்து தளங்களுக்கும் ஒலிபரப்பானதால், பல்லவர் வரலாறு அந்த அடுக்ககத்துக் கைக்குழந்தைக்கும் மனப்பாடம். ஆயினும் வேனில் மைக் பிடித்துப் பேசுவதுபோல் ஆகுமா? அந்த மைக்கின் சுருட்டை ஒயரோ முன் சீட்டைத் தாண்டி ஒரு முழமும் நீளாது. இருவர்க்கும் ஓரிருக்கை இன்றியமையாததாயிற்று. பிறகு போருக்கு என்ன குறை?

கிழக்கு வெளுக்குமுன் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் பாபு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தான். முன் சன்னலின் கண்ணாடி இறங்கியிருந்தது. இங்கே நம் நாட்டின் அறநூல் ஒன்றை நினைவூட்ட வேண்டும். பத்திரம் வேண்டாம், பட்டா வேண்டாம், சாட்சி வேண்டாம். ஓர் இருக்கையின்மேல் துண்டு விழுந்துவிட்டால் அவ்விருக்கை துண்டுக்குடையவனுக்கே உரியது. பேருந்து நிலையம் முதல் கல்யாணப் பந்தி வரை மன்னரும் மாற்றாத சட்டம் அது. கடைசி வரிசை முதல் மந்திரி வரிசை வரை எவரும் அதை மீறியதில்லை. ஞானசேகரன் காம்பவுண்டு கேட்டருகே நின்று, தோளிலிருந்த பச்சைக்கரைத் துண்டை உருவி, மும்முறை சுழற்றி, சன்னல் வழியே எறிந்தான். அது பறந்தது, விரிந்தது, இருக்கையின் மடியில் அமர்ந்தது. மாற்றாரின் ஆநிரையைக் கவர்ந்தபோது முன்னோர் வெட்சிப்பூச் சூடினராம். கொரட்டூரில் வெட்சிக்கு எங்கே போவது? ராணி தொடுத்து வைத்திருந்த மல்லிகையில் ஒரு கிள்ளு கேட்டான்; கிடைக்கவில்லை.

வேட்டி சரசரக்க வந்தார் ரகுநாதன். இருக்கையைக் கண்டார், துண்டைக் கண்டார், முகம் கறுத்தார்.

"சார், மைக் இங்கதான் இருக்கு. நான் பேசணும்" என்றார்.

"பேசுங்க சார். நான் வேணாம்னா சொன்னேன்?" என்றான் ஞானசேகரன், துண்டை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டே.

"பாபு, நீ சொல்லுப்பா."

கற்பூரத் தட்டோடு நின்ற பாபு தலையைச் சொறிந்தான். "அவுரு துண்டு போட்டுகினாரு சார். நான் இன்னா சொல்றது?"

அறம் வென்றது. தேர் புறப்பட்டது. எலுமிச்சைகள் நசுங்கி வழிவிட, மண்ணூர்பேட்டை பின்னிட்டது. புறவழிச்சாலையில் லாரிகள் பிளிறி ஒதுங்கின. வானகரத்து மீன்சந்தையின் மணம் எதிர்கொண்டு வணங்கியது. பூந்தமல்லியில் மெட்ரோத் தூண்கள் இருமருங்கும் நின்று வரவேற்றன. வீரனின் வயிறோ, தூங்கும் பிள்ளையாய்க் கிடந்தது, ஒருமுறைகூடப் புரளவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து ரகுநாதன் மைக்கின்றி முழங்கிய பல்லவர் பெருமையைப் பாபு போட்ட குத்துப்பாட்டு தின்று தீர்த்தது.

முதலில் கண்டது ஏகாம்பரநாதர் கோயில். வானைத் தொட்ட கோபுரமும், நீண்டு கிடந்த பிராகாரத்துத் தூண்களும், பழம்பெரும் மாமரமும் கண்டு கூட்டம் வாய்பிளந்தது. ஞானசேகரனும் வாய்பிளந்தான், மனத்தை மட்டும் வேனில் விட்டிருந்தான். துண்டு அங்கே காவலிருக்கிறது என்று தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொண்டான். மாமரத்தைச் சுற்றும்போது ரகுநாதனைக் காணோம் என்பது உறைத்தது. எஞ்சிய சுற்றை ஓட்டமும் நடையுமாக முடித்து வெளியே வந்தான்.

அந்தோ! பாபு அந்தப் பச்சைக்கரைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பூச்சிங்க அட்ச்சு அப்பிகினு கீது சார். துண்டு சும்மாதானே கெடந்துச்சு" என்றான்.

துண்டு அகன்ற அரியணையில் ரகுநாதன் சாய்ந்திருந்தார். கையில் மைக்.

"என் துண்டு சார்" என்றான் ஞானசேகரன்.

"சீட்டு மேல இருக்கா?" என்றார் ரகுநாதன். "இருந்தா காட்டுங்க, எழுந்துக்கறேன்."

சட்டம் சட்டம்தான். தாங்கிய கொடி மாற்றான் கையில் கண்ணாடி துடைக்கும் துணியாய்ப் போன மன்னன்போல் நம் வீரன் பின்வரிசைக்குப் போனான். காமாட்சி கோயில் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்திலேயே ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்க, காலையுண்ட இட்லி தொண்டைவரை வந்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியது. ஸ்பீக்கரிலோ பல்லவர் பெருமை இடிபோல் முழங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மனிதனல்லன் என்று உறுதிகொண்டான்.

காமாட்சி கோயில் வாசலில் எல்லோரும் இறங்கினர். கூட்டத்தை வழிநடத்த வேண்டியவராதலால் ரகுநாதனும் இறங்கினார். தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இருக்கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். "முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று நம் வீரன் ராணியிடம் சொன்னான். அவள் போனதும் முட்டி சரியாயிற்று. சட்டத்தில் துண்டுக்கு இடமுண்டு, கைக்குட்டைக்கு இடமுண்டு, அவசரத்துக்குச் செய்தித்தாளுக்கும் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. அதை மரியாதையோடு டேஷ்போர்டில் எடுத்து வைத்துவிட்டு அமர்ந்தான். இழந்த ஆநிரையை மீட்டவர் சூடுவது கரந்தைப்பூ. அதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த ரகுநாதன் நின்றது நின்றபடி நின்றார்.

"முட்டி வலின்னீங்க?"

"அதுக்குத்தான் சார். இங்க காலை நீட்டிக்கலாம்."

அக்கணமே கோட்டைப்போர் தொடங்கியது. இனி எக்கோயில் வந்தாலும், எக்கடவுள் அழைத்தாலும், இருக்கையை விட்டு எழுவதில்லை என்று ஞானசேகரன் பூண்ட விரதத்துக்கு நொச்சி என்று பெயர். அவன் எழும் நொடிவரை வேனை விட்டு ஓரடியும் அகல்வதில்லை என்று ரகுநாதன் பூண்ட விரதத்துக்கு உழிஞை என்று பெயர். காஞ்சி இத்தகைய முற்றுகைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஊர், ஆகையால் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து வந்தது கைலாசநாதர் கோயில்.

ஊர்க்கோடியில், புல்தரை சூழ, வெயில் பட்ட மணற்கல் நிறத்தில் அது நின்றது. பாடப்புத்தகத்தில் மங்கிக் கிடந்த படம் இங்கே உயிர்பெற்று, தேன்நிறம் கொண்டு, சுவரெங்கும் கால்தூக்கிப் பாயும் சிங்கங்களோடு நின்றது. வேனின் சன்னலிலிருந்து பார்த்தால் மதிற்சுவருக்கு மேலே விமானத்தின் பாதி தெரிந்தது. ஞானசேகரன் கழுத்தை நீட்டி மீதிப் பாதியைத் தேடினான்.

ராணி சன்னலருகே வந்தாள். "எறங்குங்க. நீங்க ஆசைப்பட்ட கோயிலு இதானே?"

"தெரியுது. இங்கேர்ந்தே தெரியுது" என்றான்.

"உள்ள போய்ப் பாக்கறதுக்குத்தானே வந்தோம்?"

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். எதிரேயிருந்த வேப்பமரத்தடித் திட்டில் ரகுநாதன் அமர்ந்திருந்தார், கால்மேல் கால் போட்டு, வேனின் கதவையே பார்த்தபடி. ராணி அவரைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். "ரெண்டும் தேறாது" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாடி நாகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயோ, அந்த முற்பகல்! ஒருபுறம் பல்லவன் செதுக்கிய கல், ஒருபுறம் ரெக்சின் போர்த்த இருக்கை. இடையே ஒரு மனிதன். எழு என்றது ஆசை. எழுந்தால் ஏலகிரி என்றது வயிறு. வேப்பமரத்தடியிலோ, உள்ளே வழிகாட்ட வேண்டிய செயலாளர், வாரமெல்லாம் ஒத்திகை பார்த்த உரையை மடியில் வைத்துக்கொண்டு, இவன் எப்போது எழுவான் என்று காத்திருந்தார். வழிகாட்டியில்லாத கூட்டம் உள்ளே தானே வழி கண்டு திரிந்தது. வெள்ளரிக்காய் விற்பவள் இருவரிடமும் வந்து கேட்டுவிட்டு, இருவரும் பேசாதிருக்கவே, ஏதோ சண்டை என்று புரிந்துகொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

உச்சிப்பொழுதில் கூட்டம் திரும்பியது. எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"கருவறையைச் சுத்தி ஒரு சின்ன வழி இருக்குங்க" என்றாள் ராணி. "பொந்து மாதிரி. குனிஞ்சு, தவழ்ந்து உள்ள போயி, சுத்தி அந்தாண்ட வெளிய வரணும். வந்தா மறுபிறவின்றாங்க. நாகவல்லி நடுவுல மாட்டிகினாங்க."

"மாட்டிகினேனா? நீதான் பின்னாலேர்ந்து சிரிச்சுகினே இருந்த" என்றாள் நாகவல்லி.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே காவலர் கோயில் கதவைச் சாத்திப் பூட்டினார். மாலையில்தான் இனித் திறக்கும். காவிய வீரர் கண்ணீர் விடலாகாது என்பது மரபு. மரபு கிடக்கட்டும், ஞானசேகரனுக்கு அழுகை வந்தது. வெயில் கூசுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துண்டில்லை.

நண்பகல் உணவு அவனுக்குப் பொட்டலமாக வேனுக்கே வந்தது. ரகுநாதனும் ஒரு பொட்டலம் வாங்கி, வேனின் வாசற்படியருகே நின்றுகொண்டே உண்டார். பின்னர் வண்டி பட்டுக்கடை வாசலில் நின்றது. நாகவல்லியின் மகள் வித்யாவுக்குத் தையில் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும்; ஆலோசனை சொல்ல அடுக்ககமே உள்ளே போயிற்று. தறி ஓயும் நேரம் உண்டு, மகளிர் புடவை புரட்டும் கை ஓயும் நேரம் இல்லை. கோபுர நிழல்கள் நீண்டன. வேனுக்குள் ஒருவனும் வெளியே ஒருவருமாக இரு தலைமகன்கள் வெந்துகொண்டிருந்தனர். அப்போதுதான் மூன்றாவது பகைவன் ஒருவன், அடிவயிற்றிலிருந்து, இருவர்மீதும் ஒரே நேரத்தில் படையெடுத்தான்.

ரகுநாதன் சன்னலைத் தட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"சார், எனக்கு சுகர். காலைலேர்ந்து போகல."

ஞானசேகரன் சற்றே யோசித்தான். "எனக்கும்தான் சார்."

"ரெண்டு பேரும் சேந்து போவோம். சேந்து வருவோம். வந்தப்புறம் நீங்களே உக்காருங்க, நான் இங்கியே நிக்கறேன். பேச்சு பேச்சா இருக்கட்டும்."

இவ்வாறு காஞ்சி உடன்படிக்கை கைச்சாத்தானது. தெருமுனைக் கழிப்பறை நோக்கி இரு வேந்தரும் தோளோடு தோள் உரச நடந்தனர். ஒருவர் முந்தினால் மற்றவர் இருமினார். கடமை முடிந்து, முகம் தெளிந்து திரும்பும் வழியில் ரகுநாதன் மெதுவாகச் சொன்னார்:

"நானும் அந்தக் கோயிலுக்குள்ள போனதில்ல சார். மூணு தடவ வந்துருக்கேன். மூணு தடவையும் பொடவக் கடை. புக்குல படிச்சதத்தான் பேசறேன்."

ஞானசேகரன் நின்றுவிட்டான். "அந்தத் தவழ்ற வழி பத்தி புக்குல இருந்துச்சா?"

"இருந்துச்சு. இன்னிக்கு எப்படியாச்சும் தவழ்ந்துடணும்னுதான் வேட்டிக்குள்ள டவுசர் போட்டுகினு வந்தேன்."



சொன்ன சொல் தவறாது, ஒரே அடியாக இருவரும் வேனை அடைந்தனர். உடன்படிக்கையை இருவரும் மீறவில்லை. மீறியது காஞ்சி. முன்சீட்டில், நிமிர்ந்து, நடுநாயகமாக, செந்நிற அட்டைப்பெட்டி ஒன்று வீற்றிருந்தது. அதன் மார்பின் குறுக்கே சீட்பெல்ட். அதன் அடியில், துவைத்துக் காயவைத்து நான்காக மடித்து விரிக்கப்பட்ட, பச்சைக்கரைத் துண்டு.

"யாரு வெச்சது இது?" என்றான் ஞானசேகரன்.

"நாந்தான்" என்றாள் ராணி. "சீட்டெல்லாம் தூசி. அதான் பாபு அலசிக் காயப்போட்டிருந்த உங்க துண்டப் போட்டு வெச்சேன்."

"முகூர்த்தப் பொடவை சார்" என்றாள் நாகவல்லி. "கீழ வெக்கக்கூடாது. பின்னால வெச்சா ஆளுங்க கால் படும். மடியில வெச்சா பெட்டி நசுங்கும். நீங்க ரெண்டு பேரும் காலைலேர்ந்து மாத்தி மாத்திக் காவலிருந்த எடம்தானே, பத்திரமா இருக்கும்."

சட்டம் தெரிந்தவன் ஞானசேகரன். துண்டு அவனுடையது, ஆகவே இருக்கையும் அவனுடையது. ஆனால் அத்துண்டின்மேல் இருப்பதோ முகூர்த்தப் புடவை. சேரரும் சோழரும் பாண்டியரும் திரண்டு வந்தாலும் அதைத் தூக்கி அப்பால் வைக்கும் துணிவு எவனுக்கு உண்டு? பல்லவரும் போயினர், பின் வந்தாரும் போயினர்; பட்டு மட்டும் அந்நகரில் என்றும் அரசு செய்கிறது. அதற்கே வாகை.

"வரதர் கோயிலு போணும்ல, பல்லி பாக்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நேரமாச்சு சார், எனக்கு அம்பத்தூர்ல இன்னொரு டிரிப்பு கீது" என்றான் பாபு. தலைநகர் காணும் படலம் அத்துடன் நிறைவெய்தியது.

மீதமிருந்தது கடைசி வரிசை மட்டுமே. அங்கே இரு பெருவீரரும் அருகருகே அமர்ந்தனர். ஒருவருக்கு மைக் எட்டாது, ஒருவருக்குக் காற்று எட்டாது. ஸ்ரீபெரும்புதூரில் வீரன் வேர்த்தான். பூந்தமல்லி வேகத்தடையில் கண்களை இறுக மூடினான். ராணி முன்வரிசையிலிருந்து எதையோ தூக்கிப் போட, அது தலைகள்மேல் கைமாறிக் கைமாறி வந்தது. அதோ வானகரம், அதோ அந்தி வெளிச்சத்தில் ஊர்ந்து நின்று, நின்று ஊர்ந்து குலுங்கும் ஊர்திக்கடல், அதோ வேனின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி எழ, நாள் முழுதும் அடக்கப்பட்ட ஏலகிரிப் பெருவெள்ளம் ஊழிக்காலத்து ஆழிபோல் உள்ளிருந்து கொதித்துக் குமுறி, கரையுடைத்து, தொண்டைக்கோட்டையின் வாயிற்கதவை முட்டி மோதி எழுகின்ற அந்நேரத்தில், வேட்டியை ஒதுக்கிக்கொள்ள வேண்டிய கை எங்கே போயிற்று என்று விண்ணோரும் மண்ணோரும் திரும்பிப் பார்க்க,

ரகுநாதன் சார் மஞ்சள் கவரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.